மந்திரவாதியின் மோதிரம்

சாயங்கால மழையில் அறை இருண்டு கிடக்கிறது. எழுந்து விளக்கைப் போட அக்காவுக்கும் தம்பிக்கும் மனசில்லை. மேசையில் பகடைகளும் இரண்டு மரப் பொம்மைகளும். வாளேந்திய வீரன் தம்பியுடையது, நீளத் தொப்பி வைத்த மந்திரவாதி அத்தானுடையது. அக்கா கதை சொல்ல, தம்பியும் அத்தானும் அந்தந்தப் பாத்திரமாகவே மாறிப் பேசி ஆடுவார்கள். அத்தான் இறந்த பிறகு இன்றுதான் முதல் ஆட்டம். அக்கா மந்திரவாதியை மெல்லப் படுக்க வைக்கிறாள். "குகையில அவன் செத்துக் கெடக்கான். பூதம் உன்ன நெருங்குது, உன் வாளும் ஒடைஞ்சு போச்சு. அவன் விரல்ல மந்திர மோதிரம் இருக்கு. எடுத்துக்கிறியா?" வெல்டரான தம்பியின் பொறி பட்டுத் தழும்பேறிய விரல்கள் வீரனைத் தடவுகின்றன. மந்திரப் பொருளைத் தொடுவது வீரனுக்கு இழுக்கு என்று வருஷக்கணக்காக வீம்பு பிடித்தவன் அவன். "என் மோதிரத்த ஒரு தடவ மாட்டிப் பாரேன் மாப்ள, குடியா முழுகிடும்?" என்று அத்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் சீண்டுவார். "சொந்தக் கைய நம்புறவன்தான் வீரன்" என்று இவன் முறைப்பான்.

"எடுக்காம விட்டா?" என்கிறான் இப்போது.

"அங்கயே கெடக்கும். வேற யாரு வரப்போறா?"

ஜன்னல் கம்பியில் நீர் சொட்டுகிறது. "போட்டுக்கிறேன்க்கா. அது என்ன செய்யும்?"

அக்கா பகடைகளை ஒதுக்கி வைக்கிறாள். "தெரியலடா. நீ போட்டாத்தான் சொல்லுவேன்னு எங்கிட்டயும் மறைச்சே வெச்சிருந்தாரு."