தலைவருக்குத் தாகம்

“ஓட்டு கேட்டு வாசலுக்கு வர்ற மனுஷனுக்கு யாராவது சாக்கடைத் தண்ணிய நீட்டுவாங்களா? நெஞ்சுல ஈரம் இருக்கா உனக்கு?” அண்ணன் கத்தினான்.

தையல்காரியான தங்கை மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

“சாக்கடைத் தண்ணி இல்லண்ணே. எங்க தெருக் குழாய்த் தண்ணி. நாங்க தினம் குடிக்கிறதுதான்.”

எம்.எல்.ஏ. மூன்றாவது முறையாக நிற்கிறார். தேர்தல் வந்தால் அவருக்கு ஏழைத் தெருவில்தான் தாகம் எடுக்கும். வேனை நிறுத்தி ஒரு வீட்டு வாசலில் இறங்குவார். “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்பார். மறுநாள் பேப்பரில் படம் வரும். ஜெயித்த பிறகு ஐந்து வருடத்துக்கு அந்தத் தாகம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

எந்த வீடு என்று முன்கூட்டியே முடிவு செய்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலில் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அண்ணனின் வேலை. எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்ற வேண்டும், கண்ணாடி டம்ளர் கூடாது என்றும் சொல்லிவிட்டு வருவான். கட்சியில் அவனுக்குப் பெயரே ‘பாட்டில்’தான். இருபது வருட உழைப்புக்குக் கிடைத்த ஒரே பட்டம்.

இந்த முறை தங்கை வீட்டைச் சொல்லியிருந்தான். சொந்த வீடென்றால் வம்பு இருக்காது என்ற நினைப்பு.

“உள்ள போய் உன் மருமகளப் பாரு” என்றாள் தங்கை. “மஞ்சக் காமாலை. பரீட்சையும் போச்சு. தண்ணிதான் காரணம்னு டாக்டர் சொல்லிட்டாரு. புதுக் குழாய் போடுறேன்னு உங்க தலைவரு ரெண்டு தேர்தலா வாயாலயே போட்டுட்டாரு.”

“இந்தத் தடவை கண்டிப்பா...”

“கண்டிப்பா வரணும்னுதான் இந்தத் தண்ணி. ஒரு வாய் குடிச்சுட்டு எல்லார் முன்னாடியும் துப்பட்டும். கேமராக்காரன் படம் எடுக்கட்டும். குழாய் தானா வரும்.”

“என் பொழப்பு போயிடும்மா.”

“பாட்டில் தூக்குறதெல்லாம் ஒரு பொழப்பாண்ணே?”

அவனுக்குச் சுருக்கென்றது. உள்ளே எட்டிப் பார்த்தான். மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மாமா வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

“சரி. உன் இஷ்டம்.”

பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவள் மெஷினை நிறுத்தினாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் அல்லவா!

குழாய்த் தண்ணீரை டம்ளர் நிறைய ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, வாசல் ஸ்டூலில் வைத்தாள். தெருமுனையில் மைக் அலறியது.

“பாத்துக்கண்ணே, தலைய வாரிட்டு ஓடி வந்துடறேன்.”

அவள் வெளியே வந்தபோது வேன் நின்றிருந்தது. எம்.எல்.ஏ. துண்டால் நெற்றியை ஒற்றியபடி இறங்கினார்.

“தாகம் தாங்கல தங்கச்சி. ஒரு வாய் தண்ணி குடு.”

நீட்டினாள்.

அவர் குடித்தார். துப்பவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்தும் காட்டினார். மைக்கை வாங்கினார்.

“இந்தத் தெருத் தண்ணி விஷம்னு எதிர்க்கட்சிக்காரன் சொல்றான். உங்க கண்ணு முன்னாடி குடிச்சேன். சர்க்கரை ஒண்ணுதான் போடல!”

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

“பாத்தியாடி!” பக்கத்து வீட்டுக்காரி அவள் தோளை உலுக்கினாள். “நாம குடிக்கிறதையே குடிச்சாரு. வேற எந்தப் பெரிய மனுஷன் குடிப்பான்?”

தையல்காரிக்குக் கூசிப் போனது. குமட்டுகிற தண்ணீரைக் கொடுத்து ஒரு மனுஷனை மானம் கெடுக்கப் பார்த்தோமே! அவரோ நம்மைத் தலைகுனிய வைக்காமல் விழுங்கிவிட்டாரே!

அவருக்கே ஓட்டுப் போட்டாள். தெருவே போட்டது. அவர் ஜெயித்தார்.

அடுத்த மாதம் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு குழாய் கேட்கப் போனாள். எம்.எல்.ஏ. சிரித்தார்.

“அந்தத் தண்ணிக்கு என்னம்மா குறை? நான் குடிச்சேன், கல்லு மாதிரி இருக்கேன்.”

பக்கத்தில் நின்ற என்ஜினியர் கையை விரித்தார். “ஐயா குடிச்ச படம் எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்கு. இனிமே அதைக் கெட்ட தண்ணின்னு எந்த அதிகாரிம்மா எழுதுவான்?”

வெந்து போய் வீடு திரும்பினாள். அண்ணன் உட்கார்ந்திருந்தான். சட்டை புதுசு. வட்டச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

“குழாய் இல்லைன்னுட்டாங்கண்ணே” என்றாள். “வெயில்ல வந்திருக்கே, இந்தா.”

அதே எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள்.

“வேணாம்மா, கொண்டு வந்திருக்கேன்” என்று பழக்கதோஷத்தில் பைக்குள் கையை விட்டான். பாட்டிலோடு வெளியே வந்த கை அப்படியே நின்றது.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

“அண்ணே... அன்னைக்கு நான் தலை வாரப் போனப்போ, இந்த டம்ளர் பக்கத்துல நீ மட்டும்தானே நின்னே?”

அவன் தலை குனிந்தான்.

“அம்மா, தாகமா இருக்கு” என்று உள்ளேயிருந்து மகள் முனகினாள்.

அண்ணன் தலை நிமிராமல் பாட்டிலைத் தங்கையிடம் நீட்டினான்.

“இதைக் குடும்மா... அன்னைக்குத் தலைவரு குடிச்சதும் இதைத்தான்.”