லைட்டர் கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் பின்வாசலில் உட்கார்ந்து சுருளிவேல் தன் பழைய லைட்டரைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் மாரீஸ்வரி கைவேலையைப் போட்டுவிட்டு வந்தாள்.

அவள் புருஷன், போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்த மனுஷன். ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போதே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார், இனி ஒரு பீடி பிடித்தாலும் என்னைத் தேடி வராதே என்று. அவள் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்திருந்தான்.

இப்போது அவன் ஊக்கால் திரியை மேலே இழுத்து, கருகிய நுனியை நறுக்கினான். பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப்பஞ்சு அடைத்தான். அடியில் திருகாணியைக் கழற்றிப் புதுக் கல் போட்டான். பழைய பல் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்துவிட்டு, பெட்ரோல் ஊற்றிச் சக்கரத்தைச் சுழற்றினான். கொடியில் துணியெல்லாம் படபடத்த அந்தக் காற்றிலும் தீ அணையாமல் நின்றது.

யாருக்கு இவ்வளவு சோடனை என்று கேட்டாள். சும்மா கிடந்து துருப்பிடிக்குதே என்றான், முகத்தைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. டாக்டர் சொன்ன காலை நடைக்கு அவன் விடியும் முன்பே கிளம்ப ஆரம்பித்திருந்தான். சட்டைப்பையில் லைட்டர். துவைக்க எடுத்தால் சட்டையில் புகை நாற்றம். கேட்டால், வழியில் யாரோ சருகு கொளுத்தினார்கள் என்றான். அரிசிப் பானை வரைக்கும் தேடிவிட்டாள். ஒரு பீடி கிடைக்கவில்லை. அதுவே அவள் சந்தேகத்தைக் கூட்டியது. வெளியே எங்கேயோ வைத்துக் குடிக்கிறான்.

ஒரு நாள் விடியும் முன், அவன் முகம் கழுவப் போன நேரத்தில் லைட்டரை எடுத்தாள். அவன் செய்ததைப் பார்த்திருந்தாள் அல்லவா? வெளிக்கூட்டிலிருந்து உருவி, நகத்தால் திருகாணியைக் கழற்றித் தட்டினாள். பென்சில் முனை ஒடிந்த மாதிரி குட்டிக் கல் உள்ளங்கையில் விழுந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, லைட்டரைப் பழையபடி பூட்டி வைத்தாள்.

பீடியை வாயில் வைத்துக்கொண்டு அவன் பற்றாத லைட்டரோடு முழிக்கும்போது, இந்தக் கல்லை நீட்டிக் கேட்க வேண்டும். அப்புறம் அவன் என்ன சத்தியம் செய்வான்?

தான் தேயிலை ஃபேக்டரி வேலைக்குப் போகிற நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பி, மூடுபனியில் அவன் பின்னால் போனாள்.

மேட்டு வளைவில் அவன் நின்றான். பக்கத்தில் நேற்று பாதி எரிந்து அணைந்த சுள்ளிக் குவியல். வாயில் பீடி இல்லை. கையில் பெரிய வெடி இருந்தது.

அவன் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாறை என்று நினைத்தது காதை அசைத்தது.

ஒற்றை யானை.

அதற்கு அந்தப் பக்கம் குறுக்குப் பாதையில் பேச்சுச் சத்தம். கொழுந்தெடுக்கிற பெண்கள் மேடேறி வந்துகொண்டிருந்தார்கள். ராமலட்சுமியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. யானை அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது.

சுருளிவேல் லைட்டரைச் சுழற்றினான். சக்கரம் வெறுமனே ஓடியது. ஊதினான், உதறினான், மறுபடி சுழற்றினான். ஒரு பொறி இல்லை. அவன் இடது கை மெல்ல நெஞ்சுக்குப் போவதை அவள் பார்த்தாள்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.

அவன் கல்லை ஒரு தரம் பார்த்தான். அவளை ஒரு தரம் பார்த்தான். வெடியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திருகாணியைக் கழற்றினான். துளைக்குள் கல்லை அவளே போட்டாள். அவன் திருகினான். கூட்டுக்குள் சொருக நேரமில்லை.

பெண்கள் வளைவு தாண்டி எதிரே வந்துவிட்டார்கள். முன்னால் வந்த ராமலட்சுமி அப்படியே உறைந்து நின்றாள். யானை அவளை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது.

சக்கரம் உரசியது. தீ நின்றது. அவள் நீட்டிய வெடியின் திரி பற்றியதும் அவன் அதைப் பிடுங்கி யானையின் பக்கம் வீசினான்.

வெடிச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. யானை பிளிறிக்கொண்டு செடிகளை மிதித்துச் சோலைக்காட்டுக்குள் இறங்கியது.

சுருளிவேல் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பெண்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவன் மூச்சு சீராகும் வரைக்கும் மாரீஸ்வரி அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

யானைக் காவலுக்கு இருந்த வாச்சரை வேறு மலைக்கு மாற்றியதிலிருந்து அண்ணன்தான் தினமும் இங்கே புகை போட்டு, நாங்கள் கடந்து போகிற வரைக்கும் நிற்கிறார் என்றாள் ராமலட்சுமி. இந்தப் பனிக்கும் காற்றுக்கும் தீப்பெட்டி ஆகவில்லை என்று பழைய லைட்டரைச் சரிபண்ணிக்கொண்டு வந்தாராம்.

"நெஞ்சு வலிக்காரருன்னு நீ விடமாட்டியாம். அதான் உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு, அக்கா."

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். நல்லவேளையாக அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ராமலட்சுமி அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, இன்னிக்கு மட்டும் லைட்டர் பத்தல? உசுரே போயிருச்சு எங்களுக்கு."

மாரீஸ்வரி அவன் முதுகிலிருந்து கையை எடுத்தாள். அவன் சொல்லிவிடுவான். சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். இத்தனை பேர் உயிரோடு விளையாடியிருக்கிறாள்.

சுருளிவேல் லைட்டரைத் துடைத்துக் கூட்டுக்குள் சொருகிவிட்டு நிமிர்ந்தான்.

"கல்லு தேஞ்சு போச்சும்மா. நான் கவனிக்காம வந்துட்டேன். ஒங்க அக்காதான் புதுக் கல்லு எடுத்துக்கிட்டு ஓடி வந்தா. கும்பிடணும்னா அவளக் கும்பிடுங்க."