ராணியின் பட்டு மடிப்பு

பல்லி சத்தம் போட்டால் சகுனம் என்று நெடுங்காலமாக நம்புகிறார்கள். இந்தப் பெரும்பிழையைத் திருத்தாமல் மேலே செல்வது முறையல்ல. யாரோ செய்த தவறு கண்ணில் பட்டால்தான் பல்லி சத்தம் போடும்.

அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்தின் சட்டத்தில் அப்படியொரு பல்லி வாழ்ந்தது. படத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் போரில் தோற்ற ராணி, வென்றவன் முன்னால் மண்டியிட்டிருந்தாள். ஓவியரோ தம் காலத்துப் பிரெஞ்சுச் சீமாட்டியைப் போல அவளுக்கு ரோஜா நிறப் பட்டு உடுத்தி, தலைமுடிக்கு வெள்ளைப் பொடியும் தூவியிருந்தார்.

ஒருநாள், அதே ரோஜா நிறத்தில் ஒரு விட்டில் பூச்சி சட்டத்தில் வந்து உட்கார்ந்தது. பல்லி வாயைத் திறந்தது.

“கொஞ்சம் பொறுங்கண்ணே!” என்றது விட்டில். “சாகுறதுக்கு முன்னாடி இந்தப் படத்தைப் பார்த்துக்கிறேன். அடேயப்பா, அந்தக் கண்ணீர் இப்பவே விழுந்திடும் போல இருக்கே!”

“கண்ணீர் கிடக்கட்டும். அந்தக் காலத்துல ஏது குதிகால் உயர்ந்த செருப்பு?”

“அட, ஆமா! ராணி பக்கத்துல இருக்கிற அந்த நாய்க்குட்டி?”

“நாயா? இந்த இனமே அப்போ பிறக்கல!”

பல்லி நாயின் பக்கம் ஊர்ந்து போய், அதன் காதுக்கும் வாலுக்கும் கழுத்து ரிப்பனுக்கும் தனித்தனியே சத்தம் போட்டது. திரும்பி வந்தபோது விட்டிலைக் காணோம்.

சட்டம், சுவர், கூரை எங்கும் தேடிவிட்டு, கடைசியில் படத்தையே உற்றுப் பார்த்தது. ராணியின் முழங்காலருகே ஒரு மடிப்பில் அதன் கண் நின்றது.

“இந்த ஒண்ணையாவது ஒழுங்கா வரைஞ்சிருக்கான். மூச்சு விடுற மாதிரியே இருக்கு,” என்று பாராட்டிவிட்டு, பட்டினியாகப் போய்ப் படுத்தது.