பேசாம வா

“பேசாம வா.”

செயற்கைக் கால் பொருத்தும் அந்தக் கூடத்தில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. தெருவிலிருந்து ஏறும்போது, படி இருக்கு பார்த்து வாங்கப்பா என்று மகள் சொன்னாள். அதற்குத்தான் இந்தப் பரிசு.

உள்ளே தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள், இப்படி ஒரு பெண் கிடைக்க இந்த மனுஷன் கொடுத்து வைத்திருக்க வேண்டும், பேச்சைப் பார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தாள். மகளுக்கும் அது கேட்டது.

மனுஷன் தையல்காரர். பேசத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் அவருக்கு ரேடியோ என்றுதான் பெயர். அளவெடுக்கும்போது ஆரம்பித்தால் பட்டன் தைத்து முடிக்கும்வரை ஓயமாட்டார். கால் போன பிறகும் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அதே கச்சேரிதான்.

மகளோடு தெருவில் இறங்கினால் மட்டும் வாயில் பூட்டு. அவள் ஏதாவது ஆரம்பித்தால் போதும், “பேசாம வா.”

ஏன் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு ஸ்கூட்டரை ஓட்டியது அவள். ஒரு கணம் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தொடையோடு கால் போயிற்று. சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அப்பா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அழுது முடித்திருப்பாள், திட்டாததுதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

டெக்னீஷியன் சின்ன வயதுப் பெண். பழைய காலைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக்கொண்டே மகளுக்கு விளக்கினாள். பழைய முட்டி வெறும் கதவுக் கீல் மாதிரியாம். ஊன்றுவதில் கொஞ்சம் பிசகினாலும் மடங்கி, ஆளைக் கீழே தள்ளிவிடுமாம். அதனால் அதைப் போட்டவர்கள் தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் வைப்பார்களாம். புது முட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பாரம் விழுகிறது என்று அதுவே பார்த்துக்கொள்ளும். தடுக்கினால் முட்டியை இறுக்கித் தாங்கும். போன் மாதிரி சார்ஜ் போட்டால் போதும்.

“இனிமே உங்க அப்பா ஊர்க்கதை பேசிக்கிட்டே நடக்கலாம்” என்றாள்.

மகள் நிமிர்ந்தாள். “அப்போ இவ்வளவு நாள் பேசாம நடந்தது, அந்த முட்டியாலயா?”

“பின்னே? நடக்குறப்ப பேச்சுக் கொடுத்தா எரிஞ்சுதான் விழுவாங்க. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க.”

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு இரும்புக் கீலுக்காகவா இத்தனை வருஷம் தூங்காமல் கிடந்தோம் என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டாள்.

கம்பியைப் பிடித்து நடந்து பழகிய பிறகு, கம்பியை விட்டு நடக்கும் சோதனை. டெக்னீஷியன் கூடவே நடந்தபடி வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தாள். அவ்வளவுதான், ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. பேன்ட் தைக்கக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வராமல் இருந்து, தொப்பையோடு திரும்பி வந்து, உன் டேப்பு சரியில்லை என்று சண்டை போட்ட ஆளின் கதை. சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கினார். நடுவில் டெக்னீஷியன் அவர் தோளில் லேசாக இடித்துப் பார்த்தாள். முட்டி தாங்கிக்கொண்டது. அவர் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முணுமுணுத்த அம்மாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்தபோது அவர் தலை நிமிர்ந்து நடந்தார். பக்கத்தில் மகள். பேச வேண்டியது ஆயிரம் இருந்தது, எதை முதலில் பேசுவது என்றுதான் தெரியவில்லை.

“அப்பா, அந்தத் தொப்பைக்காரர் கடைசியில என்ன பண்ணாரு?”

அவர் முகம் மாறியது. “பேசாம வா. ரோட்டப் பாரு.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத பெண்ணோடு அரட்டை அடித்தவர், முட்டியின் மேல் பழிபோட இனி வழியே இல்லாதவர், பெற்ற மகளிடம் மட்டும் பேச மாட்டேன் என்கிறார். அப்படியானால் அவள் இத்தனை நாளும் நினைத்ததுதான் சரி.

நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

“என்னால உங்க கால் போச்சு. அது உங்க மனச விட்டுப் போகல. அதானேப்பா? ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டிடுங்க.”

எடுத்து வைத்த அடியோடு அவரும் நின்றார். முட்டி அவரை அப்படியே தாங்கிக்கொண்டது. கேட்டதை நம்ப முடியாதவராய் அவளையே பார்த்தார்.

“உன்னாலயா? யாரும்மா சொன்னது? வண்டியில பின்னாடி உட்கார்ந்து கதை சொல்லிச் சொல்லி உன்னச் சிரிக்க வெச்சு, திரும்பிப் பார்க்க வெச்சது நான்தானே? அதுலேர்ந்து உன்கூட ரோட்டுல இறங்குனா வாயத் தொறக்கவே பயமா இருக்கும்மா. போனது என் காலோட போச்சு. அன்னிக்கு நீ போயிருந்தா?”