பெயர்ப் பலகைக்குப் பொட்டு

1963, ஆயுத பூஜை. தராசிலிருந்து தகரக் கூரை வரை விற்றுத் தீர்ந்த விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில், மேனேஜர் செல்லப்பாண்டி பெயர்ப் பலகைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். பங்குப் பத்திரத்தோடு ராமுத்தாய் வந்து நின்றாள்.

"இந்தச் சேரை வித்துக் குடுங்கய்யா."

"யாரும்மா வாங்குவா? கம்பெனி மூடி நாலு வருசமாச்சு. பேரு மட்டுந்தான் உசுரோட இருக்கு. லாபத்துக்கு ஆசப்பட்டு வாங்குனா நட்டத்தையும் தாங்கணும்ல?"

அவள் பத்திரத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சரி, நல்ல நாளும் அதுவுமா வெறுங்கையோட போகாதீக" என்று நிமிராமலே திருநீறு, குங்குமத் தட்டை நீட்டினார்.

ராமுத்தாய் திருநீற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"இந்தச் சேரை நான் காசு குடுத்து வாங்கலைங்கய்யா. இங்கன மருந்து ரூம் வெடிச்சப்ப, எங்க வீட்டுக்காரர் உசுருக்கு ஈடுன்னு கம்பெனி குடுத்தது."