முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

ஐஸ் ஹாக்கியில் வலைக்குப் பின்னால் போய் ரப்பர் வட்டை எடுக்கிற தடுப்பாட்டக்காரனுக்கு முதுகில் கண் கிடையாது. யாராவது பாய்ந்து வருகிறார்களா என்று அவனுடைய சோடிதான் கத்திச் சொல்ல வேண்டும். என் சோடி கஜீபன். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கத்துவார்கள், நாங்கள் தமிழில். "ஆள் வாறான்!" என்றால் வட்டை உடனே தட்டிவிட வேண்டும். "நேரமிருக்கு!" என்றால் நிதானமாக நிமிர்ந்து பார்க்கலாம். எதிரணிக்கு ஒரு மண்ணும் விளங்காது. என் கண்ணைவிட அவன் தொண்டையைத்தான் நான் அதிகம் நம்பினேன்.

ஜூனியர் அணித் தேர்வின் கடைசி ஆட்டம். எங்கள் இருவரில் ஒருவனுக்குத்தான் இடம். அன்று என் ஸ்கேட் லேஸை இறுக்கிக் கட்டிவிட்டவனும் அவன்தான்.

வட்டை எடுக்கக் குனிந்தேன்.

"நேரமிருக்கு மச்சான்!"

நிமிர்ந்தேன். ஒரு தடியன் என்னைக் கண்ணாடிச் சுவரோடு சேர்த்து அறைந்தான். நான் எழும்புவதற்குள் வட்டு எங்கள் வலைக்குள் கிடந்தது.

பெஞ்சில் கோச் என்மேல் பாய்ந்தார். "அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினானே, உனக்குக் காது இல்லையா?"

கோச்சுக்குத் தமிழ் தெரியாது. கஜீபன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

மறுபடி எங்களை இறக்கினார்கள். இந்த முறை வட்டு அவன் மூலைக்கு உருண்டது. அவன் முதுகைக் காட்டிக் குனிந்தான். அதே தடியன் அவனை நோக்கிச் சீறி வந்தான். கஜீபனின் ஹெல்மெட் என் குரலுக்காக என் பக்கம் லேசாகச் சாய்ந்தது.

நான் வாயைத் திறந்தேன்.