கம்பெனி கேட்ட பாட்டு

மட்டாஞ்சேரியில் பெரியவர் நஜீம் கட்டிய பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு ஒப்பந்தம் போட இசைக் கம்பெனியிலிருந்து ஷாஃபி மறுபடியும் வந்திருந்தான்.

“சம்மதிங்க நஜீம் இக்கா. உலகமே கேட்கும்.”

“கேட்கட்டும். நம்ம பொண்ணுங்க மைலாஞ்சி ராவுல மருதாணி வெச்சுக்கிட்டே பாடணும்னா உங்க கம்பெனிகிட்ட அனுமதி கேட்கணுமாக்கும்?”

“அதையெல்லாம் யாரு பார்க்கப் போறா?” என்றான் ஷாஃபி. பல வீடுகளில் சொல்லிச் சலித்த பதில்.

நஜீம் அவன் முகத்தைப் பார்த்தார். “முதல்ல சாயா குடி. கையெழுத்து வாங்காமப் போனா உனக்கு என்ன ஆகும்?”

“வேலை போயிடும் இக்கா.”

நஜீம் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பிள்ளைகுட்டிக்காரன் நீ. பேனாவைக் கொடு. படைச்சவன் எனக்கு வேற பாட்டுத் தருவான்.”

ஷாஃபி பேனாவைக் கொடுக்கவில்லை. தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“வேண்டாம் இக்கா. நானும் பாட்டுக்காரன்தான். இதே மாதிரி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவன். என் பாட்டை நானே மேடையில பாடினதுக்குக் கம்பெனியில இருந்து நோட்டீஸ் அனுப்பினாங்க. அதோட பாடுறதையே விட்டுட்டு, வயித்துப்பாட்டுக்கு இந்த வேலைக்கு வந்தேன்.”

நஜீம் ஆர்மோனியத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

“அப்போ என் பாட்டைப் பாடு, மோனே. இதை யாரும் தடுக்க மாட்டாங்க.”